கடல்மீன் தொட்டியில் உப்பை அளத்தல்

ரப்பர்ப் பாலை மெட்ரோலாக் கருவியால் அளப்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம். ரப்பர் மிகுந்தால் பால் இலேசாகும். கருவி ஆழ அமிழும். வீட்டுத் தொட்டியில் கடல்மீன் வளர்ப்போர் உப்பை அளக்கும் மிதவைமானியும் அவ்வினத்ததே. ஆனால், இங்கே உப்பு மிகுந்தால் நீர் கனக்கும், மிதவை மேலெழும்.

ஒரு கிலோ கடல்நீரில் பொதுவாக ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. 25 பாகை செல்சியசில் அதன் ஒப்படர்த்தி சுமார் 1.026 ஆகும். மிதவையில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை உதறிய பின்னரே அளவைப் படித்தல் வேண்டும். ஒரு சிறு குமிழியும் கணக்கைக் கெடுத்துவிடும்.

தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு அதிலேயே தங்கிவிடுகிறது. குறைந்ததை நிரப்பப் போர்ட்டிக்சன் கடல்நீரைக் கொண்டுவந்து ஊற்றுவது பெரும்பிழை. உப்பு ஏறிக்கொண்டே போய் மீன்கள் மடியும். குளோரின் அகற்றிய நன்னீரையே ஊற்றி, நன்கு கலந்தபின் மீண்டும் அளக்க வேண்டும்.