நமுனுகுலைக்கு வழிக்குறிப்பு எழுதிய தம்பிக்கு

நமுனுகுலை மலையேற்றத்தைப் பற்றிப் பதுளை இளைஞர் ஒருவர் எழுதிய வழிக்குறிப்பில் இரண்டு குறைகள் உண்டு. மரத்துக்கு மரம் சிவப்புச் சாயம் பூசச் சொல்வது ஒன்று. வழியிலுள்ள இடங்களின் பெயரை விட்டுவிட்டது மற்றொன்று. பெரிய குறை அதுதான்.

பலர் நடக்கும் பாதைக்குக் குறி தேவை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டைகள் மரங்களில் தீட்டப்பட்டிருக்கின்றன. கால்கள் அந்த ஒரே தடத்தில் போவதால் சுற்றுக்காடு மிதிபடாமல் தப்புகிறது. ஹந்தானையில் தொடங்கி ஊவா வழியே நுவரெலியா செல்லும் பீகோ பாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளே என்பதால் அங்கே குறிக்கம்பம் நடுவதில் கெடுதல் இல்லை.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கதை வேறு. ஒரு குறி பத்துப் பேரைக் கூட்டிவருகிறது. செங்குத்தான சரிவில் அவர்கள் மிதித்த தடம் வடகீழ்ப் பருவ மழையில் நீரோடும் கானாகி மண்ணை அறுத்துக்கொண்டு போகிறது. கிளையில் கட்டும் பொலித்தீன் நாடா இன்னும் மோசம். ஹோட்டன் சமவெளியில் பொலித்தீன் தின்ற மரைகளின் கதி மலைநாட்டில் எல்லோரும் அறிந்ததே. மண்சரிவுக்குப் பிறகு பழைய குறியை நம்பி நடப்பதும் ஆபத்து: 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களே மண்ணுக்குள் போயின.

பெயர் அப்படி அழிவதில்லை. ரயில் பதுளையை எட்டியது 1924இல். அதற்கு முன் தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பலர் கங்காணிக்குப் பின்னால் நடந்தே மலையேறினார்கள். வந்த இடத்தில் துரைமார் மலைகளுக்கு நம்பர் போட, சனங்கள் சாமிகளை வைத்தார்கள். தொழிற்சாலை ரோதையருகே ரோதைமுனி, கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி, காட்டு ஓரத்தில் மாடசாமி. விறகுக்குப் போகும் பெண்ணிடம் வழி கேட்டால் இன்றும் நம்பரையோ சாமியையோ சொல்லித்தான் திருப்பம் காட்டுவார்: “பத்தாம் நம்பர் ஏறி, மாடசாமிக்கு மேல குறுக்குல போங்க.” காட்டில் சொட்டுச் சாயம் சிந்தாத வழிக்குறி இது. இந்த இளைஞரோ மாடசாமி கல் இருக்கும் இடத்தை “வியூ பொயிண்ட் 3” என்று எழுதுகிறார். லயத்தில் பிறந்தவர் கையிலிருந்து இப்படி ஒரு வரி வருவது பொறுக்க முடியாதது. அடுத்த பதிப்புக்கு முன் விறகு தேடும் பெண்களோடு ஒரு நாள் ஏறி, அவர்கள் வாயில் வரும் பெயர்களை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். காட்டு ஓரம் வரை அந்தப் பெயர்கள் போதும். அதற்கு மேல் ஊர் ஆள் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போகச் சொல்வதே சரி. சாயத்துக்கு ஆகும் காசு லயத்துக்குப் போய்ச் சேரட்டும்.

மூடுபனியைப் பற்றிய பத்தியில் மட்டும் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. பனி இறங்கினால் நடக்காமல் உட்கார வேண்டும், ஓடைச் சத்தம் எந்தக் காதில் கேட்கிறது என்று பார்க்க வேண்டும், பின்னால் நகரக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஊவா மலைகளைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் மிகச் சிலரே.