மூழ்கிய தீவுகள்

கேள்வி: மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போனது கடல்மட்டம் உயர்ந்ததால்தானா? (வாசகர், விளாத்திகுளம்)

பதில்: முதல் காரணம் அதுவல்ல, கடப்பாரை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று அலைக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வருடக்கணக்கில் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் ஏற்றிச் சென்றோம்.

இந்தத் தீவுகள் கருங்கல் மலைகள் அல்ல. பவளம் நொறுங்கிய மணல், பாறைத்திட்டின் மேல் சேர்ந்து உருவானவை. கடல் பக்கமுள்ள பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைக்கும் மதில். மதிலைப் பெயர்த்தால், ஒவ்வொரு பருவக்காற்றிலும் மணல் கரைந்துகொண்டே போகும். மீன்குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் கூடவே போய்விடுகிறது. நாட்டுப்படகு மீனவர்கள்தான் முதலில் அடிபடுகிறார்கள்.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகே பிடி இறுகியது. பதினைந்து ஆண்டு தாமதம்! எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போதைய எதிரி வெப்பம். நீர் அளவுக்கு மீறிச் சுட்டால், பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010லும் 2016லும் இங்கே அப்படித்தான் நடந்தது. ஆனால் மதிலை மீட்க முயற்சியும் நடக்கிறது: இதே தீவுகளில் ஒன்றான, தேய்ந்துவந்த வான்தீவின் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அங்கே மணல் மீண்டும் சேர்கிறது.