புதிய ஊசி மருந்தும் முதல் கட்ட ஆய்வும்: கையெழுத்திடுமுன் அறிய வேண்டியவை

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து அண்மையில் ஒரு பெண்மணி தம் தாயாரை அழைத்து வந்திருந்தார். தாயாருக்கு 12 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. பரிசோதனை முடிந்ததும் மகள் சில தாள்களை மேசைமீது வைத்தார். “சர்க்கரைக்குப் புது ஊசிங்களாம் டாக்டர். ஆராய்ச்சியில சேர்ந்தா மருந்தும் டெஸ்டும் இலவசம்னு சொல்றாங்க. அம்மாவைச் சேர்க்கலாங்களா?” அது ஒரு முதல் கட்ட மருந்தாய்வின் தகவல் தாள். தாயார் கேட்டது வேறு: “இது என் சர்க்கரையைக் குறைக்கிறதுக்கா, இல்ல மருந்து எப்படின்னு பார்க்கிறதுக்கா?”

மிகச் சரியான கேள்வி. அதற்கான விடையைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

ஆய்வின் கட்டங்கள்

ஒரு புதிய மருந்து முதலில் விலங்குகளில் சோதிக்கப்படுகிறது. அதன்பின் மனிதர்களிடம் படிப்படியாக ஆராயப்படுகிறது. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர் மட்டுமே பங்கேற்பர். மருந்து பாதுகாப்பானதா, எந்த அளவு வரை உடல் தாங்கும், எவ்வளவு நேரம் இரத்தத்தில் தங்கும் என்பவையே அங்கு ஆராயப்படும். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் மருந்தின் பயனும் பொருத்தமான அளவும் கணிக்கப்படும். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் அது உறுதி செய்யப்படும். விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்புத் தொடரும். அது நான்காம் கட்டம். முதல் கட்டத்துள் நுழையும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே மருந்துக்கடை வரை வந்து சேர்கிறது.

ஊசி மருந்துகள் வந்த வழி

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரான்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அம்மருந்து போதிய தூய்மையின்றி இருந்ததால் பயன் சிறிதே கிட்டியது. ஊசி போட்ட இடமும் புண்ணானது. மருந்தைத் தூய்மையாக்கி, 12 நாள்களுக்குப் பின் மீண்டும் செலுத்தியபோது சிறுவன் தேறினான். அன்று ஒரு சிறுவன் உடலில் கற்ற பாடத்தை இன்று பல அடுக்குப் பாதுகாப்புடன் கற்கிறோம்.

இன்று பெரிதும் பேசப்படும் ஊசிகள் ‘ஜிஎல்பி-1’ என்னும் குடல் ஹார்மோனைப் பின்பற்றி உருவானவை. உணவு உண்டதும் சுரக்கும் இந்த ஹார்மோன், சர்க்கரை உயர்ந்திருக்கும்போது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது, பசியைக் குறைக்கிறது. ஆயினும் நம் உடலில் அது ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். 1990களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பாலைவனப் பல்லியாகிய கிலா மான்ஸ்டரின் நஞ்சில் இதையொத்த, எளிதில் சிதையாத பொருளை ஜான் எங் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அதன் வழியே வந்த எக்ஸனடைடு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்த செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகியவற்றை வாரம் ஒருமுறை போட்டால் போதும். நம் நாட்டு நிறுவனமான சன் பார்மாவும் உட்ரெக்ளுடைடு என்னும் வார ஊசியை முதல் கட்டத்தில் ஆராய்ந்துள்ளது.

எல்லா மருந்தும் இவ்வாறு கரை சேர்வதில்லை. டாஸ்போகுளுடைடு என்னும் வார ஊசி முதல் இரு கட்டங்களையும் நன்றாகவே கடந்தது. மூன்றாம் கட்டத்தில் குமட்டல், வாந்தி, ஒவ்வாமை ஆகியவை மிகுந்ததால் 2010இல் அதைச் செலுத்துவது நிறுத்தப்பட்டது.

முதல் கட்டத்தில் நடப்பது என்ன?

முதலில் மிகச் சிறிய அளவில் தொடங்கி, தீங்கில்லை என உறுதியான பின்னரே அடுத்த குழுவினருக்கு அளவை உயர்த்துவர். பங்கேற்போர் சில நாள்கள் ஆய்வு மையத்தில் தங்க நேரிடலாம். அடிக்கடி இரத்தம் எடுக்கப்படும். சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசி போடப்படும். யாருக்கு எது என்று பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது. சில ஆய்வுகளில், வழக்கமான சர்க்கரை மாத்திரைகளைச் சில வாரங்கள் நிறுத்தச் சொல்வதும் உண்டு.

2006இல் இலண்டனில் வேறொரு நோய்க்கான மருந்தை ஒரே நாளில் ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தியபோது அறுவரும் கடும் பாதிப்புக்குள்ளாகித் தீவிர சிகிச்சையால் பிழைத்தனர். அதன்பின், முதலில் ஒருவருக்குச் செலுத்திக் கவனித்த பின்னரே மற்றவர்க்குச் செலுத்தும் முறை பரவியது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆய்வுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் நெறிமுறைக் குழுவும் அனுமதி தர வேண்டும். அக்குழுவில் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறுவர். ஆய்வால் உடல்நலம் பாதிக்கப்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. படிக்கத் தெரியாதவராயின், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும். காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை குறையாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது எத்தனையாவது கட்டம்? இதற்குமுன் எத்தனை பேருக்கு இம்மருந்து தரப்பட்டுள்ளது?
2. இப்போது உட்கொள்ளும் மாத்திரையை அல்லது இன்சுலினை நிறுத்த வேண்டுமா? அப்போது சர்க்கரை உயர்ந்தால் யார் பார்ப்பார்கள்?
3. இரவில் வாந்தியோ மயக்கமோ வந்தால் யாரை அழைப்பது? எவ்வளவு நேரத்தில் வந்து சேர முடியும்?
4. ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா?
5. இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? ஒப்புதல் படிவத்தின் நகல் எனக்குத் தமிழில் தரப்படுமா?

மூன்றாவது கேள்வி மலைவாழ் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நள்ளிரவில் கடந்து கீழே வருவது எளிதன்று.

அந்தத் தாயாரிடம் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். முதல் கட்ட ஆய்வு, மருந்து எப்படி என்று பார்ப்பதற்காகவே. உங்கள் சர்க்கரை குறைந்தால் நல்லது. ஆனால் அந்த எதிர்பார்ப்போடு சேர வேண்டாம். நாளை வரும் நோயாளிகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு, இடர்களை அறிந்து சேர்வோர் போற்றத்தக்கவர்கள். அவர்கள் இல்லையேல் இன்சுலினும் இல்லை. இலவசம் என்பதற்காக மட்டும் சேர்வது தகாது. அரசு மருத்துவமனைகளில் நீரிழிவு மாத்திரைகளும் இன்சுலினும் இப்போதும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தாயும் மகளும் தாள்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாரோடு கலந்து பேசி, அடுத்த வாரம் முடிவைத் தெரிவித்தனர். இம்முறை சேர்வதில்லை என்பது அவர்கள் முடிவு. முடிவு எதுவாயினும் அப்படி நிதானமாக எடுப்பதே சரி. உங்களிடம் அத்தகைய படிவம் வந்தால், கையெழுத்திடுமுன் அதை எங்களிடமும் கொண்டு வந்து காட்டுங்கள். உடன் அமர்ந்து படித்து விளக்குவோம்.