அலை இயற்றியின் செயல்படு புள்ளி

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கேட்கும் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அதனைப் பெறும் வானொலிப் பெட்டியினுள் ஒரு சிறு அலை இயற்றி உண்டு. இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஆதலால், அது பொதுவாக 111.2 மெகாஹெர்ட்ஸில் அலைவுறும்.

அலைவு தொடங்குவதற்கு டிரான்சிஸ்டரின் நேர்மின்னோட்ட நிலை சரியாக அமைதல் வேண்டும். அந்நிலையில் உள்ள ஏற்பான் மின்னோட்டமும், ஏற்பான் – உமிழ்ப்பான் மின்னழுத்தமும் சேர்ந்து செயல்படு புள்ளியைக் குறிக்கும். இதனைக் கணிக்கும்போது மின்தேக்கிகளைத் திறந்த சுற்றாகவும், கம்பிச்சுருளைக் குறுக்குச்சுற்றாகவும் கொள்க.

எடுத்துக்காட்டு: மின்கல அடுக்கு 9 வோல்ட். அடிவாயின் மேல்தடை 20 கிலோ ஓம், கீழ்த்தடை 10 கிலோ ஓம், உமிழ்ப்பான் தடை 2.3 கிலோ ஓம். ஏற்பானில் கம்பிச்சுருள் மட்டுமே உள்ளது. அடிவாய் மின்னோட்டம் புறக்கணிக்கத்தக்கது.

தீர்வு:
அடிவாய் மின்னழுத்தம் = 9 × 10/30 = 3 வோல்ட்
உமிழ்ப்பான் மின்னழுத்தம் = 3 – 0.7 = 2.3 வோல்ட்
மின்னோட்டம் = 2.3/2.3 = 1 மில்லி ஆம்பியர்
ஏற்பான் – உமிழ்ப்பான் மின்னழுத்தம் = 9 – 2.3 = 6.7 வோல்ட்
எனவே செயல்படு புள்ளி (6.7 வோல்ட், 1 மில்லி ஆம்பியர்) ஆகும்.

மின்கல அடுக்கு தளர்ந்து 6 வோல்ட் ஆயின், மின்னோட்டம் 1.3/2.3 = 0.57 மில்லி ஆம்பியராகக் குறையும். சுற்றுப் பெருக்கமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். தொடக்கத்தில் அது 1.5 எனில், இப்போது 0.85 மட்டுமே. பெருக்கம் ஒன்றுக்குக் குறைந்தால் அலைவு நிலைக்காது. வானிலை அறிக்கைக்குக் காத்திருக்கும் உழவரின் பெட்டி ஊமையாகும். தொடக்கப் பெருக்கத்தை 3 என அமைத்தால், 6 வோல்ட்டிலும் 1.7 எஞ்சும்.

சிந்திக்க: 4.5 வோல்ட்டிலும் அப்பெட்டி ஒலிக்குமா? கணக்கிட்டு அறிக.