நினைவக அட்டையும் விழிப்பான பயனீட்டாளரும்

கையடக்க விளையாட்டுக் கருவிகள் இன்று பதின்ம வயதினர் பலரின் ஓய்வுநேரத் துணையாகிவிட்டன. முன்பு விளையாட்டுகள் பெரும்பாலும் கருவியில் செருகும் தனித்தனிப் பேழைகளாக விற்கப்பட்டன. இப்பொழுதோ, இணையத்தின்வழி பணம் செலுத்தி நேரடியாகவே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். இந்த வசதி ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. சில விளையாட்டுகளைப் பதிவிறக்கிய உடனேயே, ‘போதிய இடம் இல்லை’ என்னும் அறிவிப்பு திரையில் தோன்றிவிடுகிறது.

2017ஆம் ஆண்டு வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள் நினைவகம் 32 கிகாபைட். கருவியின் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக, பயனருக்கு எஞ்சுவது ஏறத்தாழ 26 கிகாபைட் மட்டுமே. அக்கருவிக்காக வெளிவந்த ‘ஜெல்டா’ வரிசை விளையாட்டுகளுள் ஒன்றுக்கு 13 கிகாபைட்டுக்கு மேலும், 2023இல் வந்த மற்றொன்றுக்கு 15 கிகாபைட்டுக்கு மேலும் இடம் தேவை. இவ்விரண்டையும் ஒருசேரப் பதிவிறக்கி வைக்கக்கூட உள் நினைவகம் போதாது. எனவேதான், மெமரி கார்டு எனப்படும் நினைவக அட்டையைப் பலர் நாடுகின்றனர்.

நகத்தளவு அட்டை

நினைவக அட்டைக்குள் இருப்பது ‘ஃபிளாஷ்’ வகை நினைவகம். ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1980ஆம் ஆண்டுகளில் இதனை உருவாக்கினார். இதனுள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அறையும் சிறிதளவு மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால், மின்சாரம் நின்றுபோனாலும் பதிந்த தரவு அழிவதில்லை.

இன்று பரவலாகப் பயன்படும் ‘மைக்ரோ எஸ்டி’ அட்டையின் நீளம் 15 மில்லிமீட்டர். அகலம் 11 மில்லிமீட்டர். தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். விரல் நகத்தின் அளவே உள்ள இந்த அட்டையில் நூற்றுக்கணக்கான கிகாபைட் தரவைச் சேமிக்க முடிகிறது. எனினும், உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் அட்டைகள் அனைத்தும் தன்மையில் ஒன்றல்ல. இதனை அறியாமல் வாங்குபவர், தேவையற்றதற்குப் பணத்தைச் செலவிடக்கூடும். சில வேளைகளில் ஏமாற்றப்படவும் கூடும்.

கருவிக்குப் பொருந்துமா?

அட்டையை வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். 2004இல் ஜப்பானில் அறிமுகமான சோனி பிஎஸ்பி கருவி, ‘மெமரி ஸ்டிக்’ வகை அட்டையை ஏற்றது. அதன்பின் 2011இல் வந்த பிஎஸ் வீட்டா, அக்கருவிக்கென்றே செய்யப்பட்ட வேறோர் அட்டையைக் கேட்டது. பிஎஸ்பியின் அட்டையை வீட்டாவில் செருக இயலாது. பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாறியவர்கள் அட்டையையும் புதிதாக வாங்க நேர்ந்தது.

இதே நிலை இன்றும் உண்டு. முதல் நிண்டெண்டோ சுவிட்ச் 2 டெராபைட் வரையிலான சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டைகளை ஏற்கும். 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த சுவிட்ச் 2 கருவியிலோ, ‘மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்’ என்னும் விரைவு வகை அட்டையில் மட்டுமே விளையாட்டுகளைச் சேமிக்க முடியும். சாதாரண அட்டையை அதன் துளையில் செருகலாம். ஆனால், பழைய கருவியில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே அது உதவும். அளவும் உருவமும் ஒத்திருப்பதால், கடையில் இவ்வேறுபாடு எளிதில் கண்ணில் படாது. கருவியின் பயனர் கையேட்டையும் அட்டையின் உறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பானது.

எவ்வளவு கொள்ளளவு தேவை?

அடுத்தது, தேவையைக் கணக்கிடுதல். எப்போதும் விளையாடும் விளையாட்டுகளின் அளவைக் கூட்டி, இனி வாங்க எண்ணியிருப்பவற்றையும் அதனுடன் சேர்த்தால், தேவைப்படும் கொள்ளளவு தெரிந்துவிடும். சிறிய விளையாட்டுகளை மட்டும் விளையாடுபவருக்கு 128 கிகாபைட் தாராளம். பெரிய விளையாட்டுகள் பலவற்றை வைத்திருப்பவர் 256 அல்லது 512 கிகாபைட்டை நாடலாம். விளையாடி முடித்த விளையாட்டை நீக்கிவிட்டு, விரும்பும்போது மீண்டும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதையும் மறந்துவிடக்கூடாது.

புதிய அட்டையைச் செருகியதும் பலர் ஓர் ஐயம் கொள்வர். உறையில் 128 கிகாபைட் என்று அச்சிட்டிருக்க, திரையில் ஏறத்தாழ 119 என்றே காட்டும். இது மோசடி அன்று. அட்டையைத் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகின்றனர். அவர்களுக்கு 128 கிகாபைட் என்பது 12,800 கோடி பைட். கருவியோ 1024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அளக்கப்படும் பொருள் ஒன்றே, அளவுகோல்தான் வேறு.

வேகக் குறிகள் கூறுவது என்ன?

அட்டையின் மேல் சிறு குறிகள் பல காணப்படும். ‘யூ1’ என்றால், நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் வேகத்தில் தரவைத் தொடர்ந்து எழுத முடியும் என்று பொருள். ‘யூ3’, ‘வி30’ ஆகியவை குறைந்தது 30 மெகாபைட் வேகத்தைக் குறிக்கும். ‘ஏ1’, ‘ஏ2’ என்பவை, அட்டையில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு சிறு தரவுகளை எவ்வளவு விரைவாக எடுக்கலாம் என்பதைக் காட்டும் குறிகள்.

மிக உயர்ந்த வேகமுள்ள அட்டையை வாங்கினால் விளையாட்டும் அதே வேகத்தில் திறக்கும் என்று எண்ணுவது தவறு. முதல் சுவிட்ச் கருவி பயன்படுத்தும் இணைப்பு முறையின் உச்ச வேகமே நொடிக்கு 104 மெகாபைட்தான். உறையில் 200 மெகாபைட் என்று அச்சிடப்பட்ட அட்டையும் அக்கருவிக்குள் அந்த எல்லையைத் தாண்டாது. ‘வி90’ போன்ற குறியுள்ள அட்டைகள் உயர்தரக் காணொளிப் பதிவுக்காகச் செய்யப்பட்டவை. விளையாட்டுக் கருவிக்காக அவற்றை வாங்குவது, பயன்படாத வேகத்திற்குப் பணம் கொடுப்பதாகும்.

மலிவு விலையின் மர்மம்

மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தில் 110 ரிங்கிட்டைச் சேமித்து வைத்திருப்பதாகக் கொண்டால், அவன் முன் மூன்று தேர்வுகள் இருக்கலாம். கடையில் 128 கிகாபைட் அட்டை 60 ரிங்கிட். 256 கிகாபைட் அட்டை 105 ரிங்கிட். இணைய விளம்பரம் ஒன்றிலோ, 1 டெராபைட் அட்டை வெறும் 45 ரிங்கிட். அவனுக்கும் அவன் அக்காவுக்கும் இடையே உரையாடல் இவ்வாறு அமையலாம்:

“அக்கா, ஆயிரம் கிகாபைட் அட்டை 45 ரிங்கிட்தானாம்! மீதிப் பணத்தில் இன்னொரு விளையாட்டையும் வாங்கிவிடலாம்.”

“தம்பி, ஒரு கிகாபைட் என்ன விலைக்கு வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா?”

“128 கிகாபைட் அட்டையில் ஏறக்குறைய 47 சென். 256இல் 41 சென். இதில்... நாலரை சென்!”

“ஒரே கடைத்தெருவில் எல்லாரும் நாற்பது சென்னுக்கு விற்கும் பொருளை, ஒருவர் மட்டும் நாலரை சென்னுக்கு எப்படி விற்பார்?”

இவ்விலைகள் எடுத்துக்காட்டுக்காகவே தரப்பட்டுள்ளன. ஆனால், அக்கா கற்பித்த கணக்கு எந்தக் கடைக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். மொத்த விலையைப் பார்த்தால் மலிவாகத் தோன்றுவது, ஓர் அலகின் விலையைப் பார்க்கும்போது ஐயத்தைக் கிளப்பிவிடும்.

போலி அட்டை செயல்படும் முறை வியப்பூட்டுவது. ஒவ்வோர் அட்டையினுள்ளும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உள்ளது. ‘என் கொள்ளளவு இவ்வளவு’ என்று கருவிக்குத் தெரிவிப்பது அதுதான். மோசடிக்காரர்கள் குறைந்த கொள்ளளவுள்ள அட்டையை எடுத்து, அச்சில்லு பொய்யான எண்ணைக் கூறும்படி மாற்றியமைக்கின்றனர். இருபது பக்க நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் ‘இருநூறு பக்கம்’ என்று அச்சிடுவதற்கு இது நிகராகும். முதல் இருபது பக்கங்கள் வரை எந்தக் குறையும் தெரியாது. அதன்பின் எழுதுவது, முன்பு எழுதியதன் மேலேயே விழலாம். அல்லது எங்கும் பதியாமலே போகலாம். கருவி எந்த எச்சரிக்கையும் தராது. பல வாரங்கள் கழித்து விளையாட்டு திறக்காதபோதும், சேமித்த படங்கள் காணாமல் போனபோதும்தான் உண்மை வெளிப்படும். அதற்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு கடந்திருக்கும்.

ஆகவே, வாங்கிய அட்டையை உடனே சோதிப்பது நன்று. அட்டை முழுவதும் தரவை எழுதி, அதனை மீண்டும் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. வெற்று அட்டையைக் கணினியில் இணைத்து இச்சோதனையைச் செய்யலாம். பெரிய அட்டைக்குச் சில மணி நேரம் ஆகும். உறையையும் பற்றுச்சீட்டையும் சோதனை முடியும்வரை எறிந்துவிடக்கூடாது. இணையத்தில் வாங்கியவர்கள், பொருள் கிடைத்ததாக உறுதிப்படுத்தும் முன்னரே சோதித்துவிடுவது மேலும் பாதுகாப்பு.

பயனீட்டாளரின் உரிமை

கோலாலம்பூரில் கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாங்கினாலும், மலேசியப் பயனீட்டாளருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பதைத் தடை செய்கிறது. விற்கப்படும் பொருள், அதைப் பற்றிக் கூறப்பட்ட விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் இணைய வணிகத்தையும் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் விசாரிக்கப்படுகின்றன. வழக்கைப் பதிவு செய்யும் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. மாணவர்கள் இத்தகைய நடவடிக்கையைப் பெற்றோரின் துணையுடன் மேற்கொள்வது முறை. எந்த முறையீட்டுக்கும் சான்று தேவை. பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், விற்பனையாளருடன் நடந்த உரையாடல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தியவரின் சொல்லுக்கே வலிமை அதிகம்.

வாங்கிய பின்

நல்ல அட்டைக்கும் பராமரிப்பு தேவை. கருவியை முழுமையாக அணைத்த பிறகே அட்டையைச் செருகவோ எடுக்கவோ வேண்டும். அட்டையை ‘ஃபார்மேட்’ செய்தால் அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும் என்பதால், முன்னதாகப் படங்களையும் காணொளிகளையும் கணினியில் நகலெடுத்துக்கொள்வது அவசியம். சுவிட்ச் கருவியில், விளையாட்டில் எட்டிய நிலை அட்டையில் பதிவதில்லை. அது கருவியின் உள் நினைவகத்திலேயே இருக்கும். அட்டை பழுதானால் விளையாட்டை மீண்டும் பதிவிறக்கலாம். குடும்பத்தாருடன் விளையாடியபோது பதிவு செய்த காணொளியை அவ்வாறு மீட்க முடியாது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது முன்னோர் எச்சரிக்கை. நினைவக அட்டையின் மேல் அச்சிட்ட எண், அதன் ஆழத்தைக் காட்டுவதாகத் தோன்றும். ஆனால், அந்த எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். பொருத்தம், தேவை, அலகு விலை, சோதனை ஆகிய நான்கையும் கருத்தில் கொண்டு வாங்குபவர், அரும்பாடுபட்டுச் சேமித்த பணத்தை வீணாக்கமாட்டார். நினைவக அட்டையில் கற்ற இப்பழக்கம், பின்னாளில் திறன்பேசி, மடிக்கணினி, மோட்டார் சைக்கிள் எனப் பெரிய பொருள்களை வாங்கும்போதும் அவருக்குக் கைகொடுக்கும்.

கருத்துணர் வினாக்கள்

1. நிண்டெண்டோ சுவிட்ச் கருவியின் பயனர்களுக்கு நினைவக அட்டை தேவைப்படுவது ஏன்?

2. 128 கிகாபைட் அட்டை திரையில் ஏறத்தாழ 119 எனக் காட்டப்படுவதற்கான காரணத்தை விளக்குக.

3. “பயன்படாத வேகத்திற்குப் பணம் கொடுப்பதாகும்” – இத்தொடர் உணர்த்தும் கருத்து யாது?

4. போலி அட்டையை நோட்டுப் புத்தகத்துடன் ஒப்பிட்டிருப்பதன் பொருத்தத்தை ஆராய்க.

5. கடை ஒன்றில் 512 கிகாபைட் அட்டை 205 ரிங்கிட்டுக்கும், 256 கிகாபைட் அட்டை 110 ரிங்கிட்டுக்கும் விற்கப்படுகின்றன. ஒரு கிகாபைட்டின் விலையைக் கணக்கிட்டு, பெரிய விளையாட்டுகள் மூன்றை மட்டும் வைத்திருக்கும் நண்பருக்கு எதனைப் பரிந்துரைப்பாய்? காரணம் கூறுக.

6. இணையத்தில் வாங்கிய பொருள் போலியானது எனத் தெரியவந்தால் நீ மேற்கொள்ளும் நடவடிக்கைகளை 80 சொற்களில் எழுதுக.