செயற்கைக்கோள் படத்தில் புகையும் புழுதியும்: காரைக்குடியிலிருந்து கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வானம் மாசிக் காலையிலும் மங்கும், ஆடி மாதத்து மேல்காற்றிலும் மங்கும். முன்னது பனியாகவோ புகையாகவோ இருக்கலாம். பின்னது பெரும்பாலும் புழுதி. எது என்பதைக் கண்டறிய இன்று கைப்பேசியும் இணையமும் போதும். கீழே சொல்லும் தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்.

படி 1: படத்தைத் திறப்பது

நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ தளத்துக்குப் போய் காரைக்குடியைத் தேடுங்கள். அட்சரேகை 10.07 வடக்கு, தீர்க்கரேகை 78.78 கிழக்கு. ‘விர்ஸ்’ கருவி எடுத்த இயற்கை வண்ணப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்களில் இந்தக் கருவி இருக்கிறது. பகலில் சுமார் ஒன்றரை மணிக்கு அவை நம் தலைக்கு மேல் கடக்கும்.

ஒரு நாளுக்குள் நடக்கும் மாற்றம் வேண்டுமா? இஸ்ரோவின் ‘மோஸ்டாக்’ தளத்துக்குப் போங்கள். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுவதால் அரை மணிக்கொரு படம் கிடைக்கும். விர்ஸ் அளவுக்கு நுணுக்கம் இருக்காது, நகர்வு தெரியும்.

படி 2: நிறத்தையும் விளிம்பையும் பார்ப்பது

மேகம் பளீர் வெள்ளை. விளிம்பு திட்டமாகத் தெரியும். புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். ஒரு முனையில் ஒடுங்கி, காற்றுப் போகும் பக்கம் விரியும். புழுதி வெளிர்பழுப்பு. நம் செம்மண் தரைக்கு மேல் அதைப் பிரித்தறிவது கடினம். கடலுக்கு மேல் எளிது. எனவே பார்வையை மன்னார் வளைகுடா, அரபிக்கடல் வரை விரியுங்கள்.

படி 3: தீப்புள்ளிகளைச் சேர்ப்பது

நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ வரைபடத்தில் வெப்பம் மிகுந்த இடங்கள் சிவப்புப் புள்ளிகளாக வரும். செயற்கைக்கோள் கடந்த மூன்று மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பதிவாகிவிடும். விர்ஸ் புள்ளி ஒவ்வொன்றும் 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். அந்தச் சதுரம் முழுவதும் எரிகிறது என்று பொருள் இல்லை. எரிவாயுக் கொழுந்தும் ஆலை வெப்பமும்கூடப் புள்ளியாகும். பல மாதம் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி காட்டுத்தீ அல்ல.

மறுபுறம், நம் பக்கத்துச் சீமைக்கருவேலக் கரிமூட்டம் மண் மூடிப் புகைவதால் புள்ளியே விழாமல் போகலாம். மேகத்துக்குக் கீழே எரிவதும் தப்பிவிடும்.

படி 4: காற்றைக் கேட்பது

புள்ளி கிடைத்தவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கிய தேனி மாவட்டக் குரங்கணி, காரைக்குடிக்கு ஏறத்தாழ நேர் மேற்கே 170 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் காட்டுத்தீக் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கீழ்மட்டக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். அப்போது மேற்குத் தொடர்ச்சி மலைப் புகை கேரளப் பக்கம் போகவே வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று மேற்கிலிருந்து வரும், கதை மாறும். ‘விண்டி’ தளத்தில் தரை மட்டக் காற்றையும் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தையும் (சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம்) தனித்தனியே பாருங்கள். இரண்டும் வேறு திசையில் ஓடுவது உண்டு.

படி 5: புகையா, புழுதியா?

வேர்ல்ட்வியூவில் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) குறியீடு என்ற அடுக்கைச் சேருங்கள். புகை, புழுதி இரண்டும் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் இரண்டுக்குமே அது உயரும். பிரித்துக் காட்டுவது கார்பன் மோனாக்சைடு. எரியும்போது அந்த வாயு வரும், புழுதியில் இராது. ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் குறியீட்டையும் இந்த வாயுவையும் அளக்கிறது. குறியீடும் வாயுவும் சேர்ந்து உயர்ந்தால் புகை. குறியீடு மட்டும் உயர்ந்தால் புழுதி என்று கொள்ளலாம்.

படி 6: தரையில் சரிபார்ப்பது

செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் புகையும் தெருவில் நிற்கும் புகையும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நாம் மூச்சில் இழுப்பது கீழே இருப்பதைத்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அருகிலுள்ள நிலையத்தைப் பாருங்கள். புகை வந்தால் நுண்துகள் அளவான பி.எம். 2.5 ஏறும், புழுதி வந்தால் பி.எம். 10 அதைவிட வெகுவாக ஏறும். இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு, கனமீட்டருக்கு முறையே 60, 100 மைக்ரோகிராம்.

பழகிப் பார்க்க

வேர்ல்ட்வியூவில் பழைய தேதிகளும் கிடைக்கும். நவம்பர் முதல் வாரத்தின் பஞ்சாபைத் திறந்தால் வைக்கோல் எரிப்பின் புள்ளிகளும் புகையும் சேர்ந்தே தெரியும். 2018 ஜூன் நடுவில் வட இந்தியாவைத் திறந்தால் டெல்லியை மூடிய புழுதி. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நிற வேறுபாடு கண்ணில் பதியும்.

பகிரும் முன்

படம், காற்று, தரை அளவு மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் மட்டும் ‘புகை வருகிறது’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுங்கள்; படத்தின் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே போடுங்கள். ஃபர்ம்ஸில் உங்கள் பகுதியைக் குறித்துப் பதிவு செய்தால் புதிய தீப்புள்ளிகள் மின்னஞ்சலில் வரும். பக்கத்தில் தீயைக் கண்டால் அடுத்த படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.