தண்ணீரைக் கேட்டு நாள் குறி

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். டிசம்பர் விடுமுறையில் தோழிகள் மூவரும் ராஜஸ்தான் போகிறீர்கள். ரந்தம்போர், சரிஸ்கா, பரத்பூர், ஜெய்சல்மேர் என்று நான்கு காடுகள். இடையிடையே உதய்ப்பூர், ஜோத்பூர் கோட்டைகள். எல்லாம் ஒன்பதே நாளில். ஆசை நியாயமானதுதான். ஆனால் நீ தூரத்தை மட்டும் அளந்து நாள் குறித்திருக்கிறாய். பாலை மாநிலத்தில் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீ போகும் மாதத்தில் அங்கே தண்ணீர் எங்கே நிற்கும்?

ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் அடைமழை பிடித்தால் இரண்டு மூன்று நாளில் அவ்வளவும் கொட்டிவிடும். ஆனால் ராஜஸ்தான் முழுக்க மணல் என்று நினைத்துவிடாதே. ஆரவல்லி மலைத்தொடர் மாநிலத்தை இரண்டாக வகுக்கிறது. அதற்கு மேற்கே தார்ப் பாலைவனம். கிழக்கே வறண்ட இலையுதிர் காடுகளும் ஏரிகளும். நீ குறித்த காடுகளில் ஜெய்சல்மேர் மட்டும்தான் பாலையில் இருக்கிறது.

முதலில் ரந்தம்போர். புலிக்காகத்தானே அதை முதலில் வைத்தாய்? மழைக்காலம் முடிந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். பள்ளம் பள்ளமாகத் தண்ணீர் கிடக்கும், புல்லும் உயரமாக நிற்கும். புலிக்கு ஏரிக்கரைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றிய பிறகுதான் மான்கள் பதம் தலாவ், ராஜ்பாக் ஏரிகளைத் தேடி வரும். அவற்றின் பின்னால் புலியும் வரும். அப்போது வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். டிசம்பரில் புலி தென்படவே தென்படாது என்று சொல்லவில்லை. தென்பட்டால் மகிழ்ச்சி, அதை நம்பிப் போகாதே என்கிறேன்.

இரண்டு சவாரிக்கு நேரம் ஒதுக்கு, ஒன்று காலையில், ஒன்று மாலையில். ஆறு பேர் அமரும் ஜிப்ஸி, இருபது பேர் அமரும் கேன்டர் என இரு வகை வண்டிகள் உண்டு. ஜிப்ஸி இடங்கள் வெகு முன்னதாகத் தீர்ந்துவிடும் என்பதால் ராஜஸ்தான் அரசின் தளத்தில் இப்போதே பார். முன்பதிவில் எந்த அடையாள அட்டையைக் கொடுக்கிறாயோ அதே அட்டையைக் கையில் கொண்டுபோ. திறந்த வண்டி, டிசம்பர் விடியற்காலை. கம்பளிக் குல்லாயும் கையுறையும் இல்லாமல் ஏறாதே. புலித் தடம் என்று கேள்விப்பட்டதும் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் பறக்கும். "நாங்கள் ஏரிக்கரையிலேயே இருக்கிறோம்" என்று வழிகாட்டியிடம் துணிந்து சொல். முதலையும் கடமானும் நீர்ப்பறவையும் ஒரே கரையில் இருப்பதைப் பார்க்க நிதானம் வேண்டும்.

சரிஸ்காவை இந்த முறை எடுத்துவிடு. அங்கே வேட்டைக்காரர்கள் ஒரு புலிகூட விடவில்லை என்பது 2005 வாக்கில் ஊரறிய வெளிவந்தது; 2008 முதல் ரந்தம்போர்ப் புலிகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து மறுபடி குடியேற்றினார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளத் தனியாகப் போகலாம், வழியில் எட்டிப் பார்க்கிற இடமல்ல.

அப்படி மிச்சமாகும் நாளைப் பரத்பூருக்குக் கொடு. அங்குள்ள கேவலாதேவ் பூங்கா வெறும் 29 சதுர கிலோமீட்டர். நீ அதற்கு அரைநாள்தான் ஒதுக்கியிருக்கிறாய். எனக்கு அதில்தான் வருத்தம். உன் பயணத்தின் நடுநாயகமே அதுதான். டிசம்பர் அதற்கான மாதம். வடக்கிலிருந்து வாத்துக்கூட்டங்கள் வந்து இறங்கியிருக்கும். கூந்தன்குளத்தில் நீ பார்த்த பட்டைத்தலை வாத்தும் சங்குவளை நாரையும் இங்கேயும் இருக்கும். ஆளுயரத்துக்கு நிற்கும் சாரஸ் கொக்கு இணையாக மேயும். குளிருக்குப் பயந்து வளைக்குள் கிடக்கும் மலைப்பாம்புகள் முற்பகல் வெயிலில் வெளியே வந்து காயும். உள்ளே நடக்கலாம், வாடகை சைக்கிள் எடுக்கலாம், சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம். முதல் நாள் ரிக்‌ஷா எடு. ஓட்டுகிறவர்களில் பலர் பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் சொல்வார்கள். அவர்கள் வாழ்க்கை அந்தப் பறவைகளோடு கட்டுண்டது, பேரம் பேசாதே.

அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது, தவறாமல் படி. பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்காகப் பராமரித்த சதுப்பு இது. எந்த விருந்தினர் வந்த நாளில் எத்தனை பறவை சுடப்பட்டது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273. அந்த இடத்தைப் பறவைகளுக்கே விட்டுவைக்கப் பறவையியலாளர் சாலிம் அலி போராடினார். 1985இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுக் களமானது.

பரத்பூர் ஏரிக்குத் தானாகத் தண்ணீர் வருவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் கட்டிய அஜான் அணையிலிருந்து மதகு திறந்தால்தான் நிறையும். அதற்கு நீர் தரும் கம்பீர் ஆற்றில் மேலே பாஞ்சனா அணை வந்தது. உழவர்களுக்கா பறவைகளுக்கா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. வேறிடங்களிலிருந்து குழாய் வழியாகவும் நீர் கொண்டுவருகிறார்கள். மேலே இருக்கும் உழவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் நிலமும் காய்கிற நிலம்தான். நம்மூர்க் கண்மாய்களை விழுங்கிய சீமைக்கருவேலம் அங்கேயும் பரவியிருக்கிறது. சைபீரியக் கொக்கு 2002 குளிர்காலத்துக்குப் பின் அங்கே வரவே இல்லை. ஆகவே அறை பதிவு செய்யும்போதே விடுதிக்காரரிடம், "இந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டுவிடு.

ஜெய்சல்மேரில் எல்லாரும் சம் மணல்மேட்டுக்குப் போய் ஒட்டகம் ஏறி, இரவில் ஒலிபெருக்கிப் பாட்டுக் கேட்டுத் திரும்புவார்கள். நீ சுதாசரி பக்கம் போ. அது இருக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் கல்தரையும் புல்வெளியும். உள்ளேயே கிராமங்களும் ஆட்டு மந்தைகளும் உண்டு. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி அங்கே ஊருக்குச் சோறிடும் மரம். காய் கறியாகும், தழை ஆட்டுக்குப் போகும்.

அந்தப் புல்வெளியில்தான் கானமயில் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை. இன்று உலகத்தில் இருநூறுகூட இல்லை, பெரும்பகுதி இங்கேதான். தரையில் வழக்கமாக ஒரே ஒரு முட்டை இடும். நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத கண்ணமைப்பு, கனத்த உடல்; மின்கம்பி அருகே வந்தபின் சட்டென்று விலகத் தெரியாது, மோதி விழுந்துவிடும். காற்றாலை, சூரிய மின்நிலையக் கம்பிகள் அந்த வெளியெங்கும் ஓடுகின்றன. 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் புதைக்கச் சொன்னது. 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. பறவையைக் கண்டால் வண்டியிலிருந்து இறங்காதே, நெருங்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதே. கண்ணில் படாவிட்டாலும் சின்காரா மான், பாலை நரி, பாறுக் கழுகு எல்லாம் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு பற்றி ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் முதல்நாளே விசாரித்துக்கொள். திரும்பி வந்து ஆகல் புதைபடிவப் பூங்காவையும் பார். 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற காட்டின் அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

வழி இப்படி வைத்துக்கொள். சவாய் மாதோபூரில் இறங்கி ரந்தம்போர் இரண்டு நாள். டெல்லி–மும்பை ரயில் பாதையிலேயே பரத்பூரும் இருப்பதால் அடுத்து அங்கே இரண்டரை நாள். பிறகு ஜெய்ப்பூர் வந்து இரவு ரயிலில் ஜெய்சல்மேர், அங்கே மூன்று நாள். உதய்ப்பூரை விட்டுவிடு, ஜோத்பூர்க் கோட்டையைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். டிசம்பர் கடைசியில் பரத்பூர்ப் பக்கம் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஆகவே பரத்பூர் போய்ச் சேரும் நாளின் மாலைக்கு எந்த முன்பதிவும் வைக்காதே.

என்னுடைய பைனாகுலரை நாளை கூரியரில் அனுப்புகிறேன். மொட்டைமாடியில் காக்கையை வைத்துப் பழகு. பறக்கிற பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கக் கொஞ்சம் நாளாகும். மாற்றிய திட்டத்தை எனக்கு அனுப்பிவிட்டு டிக்கெட் போடு.

அன்புடன்,
பெரியம்மா